பதினேழாம் கலவை

அக்காவின் ஆய்வகத்தில் அழிக்கும் ரப்பர் கிடையாது. நோட்டில் தவறாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு அடியில் இருக்கும் தவறு படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, திருத்தியதற்குக் காரணம் மூன்றையும் போட வேண்டும். வீட்டுச் சாமான் பட்டியலைக்கூட அவள் அப்படித்தான் திருத்துவாள். "சர்க்கரை அரைக் கிலோ" என்பதைக் கோடிட்டு, "ஒரு கிலோ" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, "காரணம்: விருந்தாளி" என்று முடித்திருப்பாள். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரிஜிஸ்டர் ஆபீஸ்லேர்ந்து வரீங்களா?" என்பார்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. அவளுடைய ஒன்பதாவது நோட்டில் ஒரு எண் தவறாக இருக்கிறது. தவறு அவளுடையதல்ல.

அவள் பாலிமர் வேதியியல் படித்தவள். இருபது வருடம் ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்: இரவும் பகலும் கழற்றாமல் கண்ணில் போட்டிருக்கக்கூடிய மென்மையான லென்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் வீட்டு மாடி அறையிலேயே இருந்துவிட்டவள். இரவுச் சாப்பாடு மட்டும் கீழே எங்களோடு. சாப்பாட்டு மேசையில் அவள் பேசியதைக் கேட்டே எனக்கும் என் மனைவிக்கும் பாதிப் படிப்பு வந்துவிட்டது.

"கருவிழிக்கு ரத்தக்குழாய் கெடையாதுடா. அது நேரா காத்துலேர்ந்துதான் ஆக்சிஜன எடுத்துக்குது. சாதாரண லென்ஸப் போட்டுக்கிட்டுத் தூங்கினா, தலையணைய வெச்சு அதோட மூஞ்சிய அமுக்கின மாதிரி. ராத்திரியோட ராத்திரியா வீங்கிடும்."

"அப்ப காத்து போற பொருள்ல செய்யறது," என்பேன் நான், என்னவோ நான்தான் கண்டுபிடித்த மாதிரி.

"சிலிக்கோன்ல காத்து தாராளமா போகும். ஆனா அதுக்குத் தண்ணியக் கண்டாலே ஆகாது. கண்ணுல போட்டா காஞ்சு போய் அப்படியே ஒட்டிக்கும். தண்ணி பிடிக்கிற பொருளையும் சிலிக்கோனையும் ஒரே வீட்டுல குடி வெக்கணும். மாமியாரும் மருமகளும் மாதிரி. சண்டை வெளியில தெரிஞ்சா போச்சு, லென்ஸ் பால் மாதிரி வெளுத்துடும்."

"நம்ம வீட்டுல நாத்தனாரும் நானும் தெளிவாத்தானே இருக்கோம் அண்ணி," என்றாள் என் மனைவி.

"நீ காத்தும் விடுவ, தண்ணியும் பிடிப்ப. உன்னைத்தான் அச்சுல ஊத்தணும்."

பதினாறு கலவைகள் வெளுத்தன, அல்லது ஒட்டின, அல்லது கையில் எடுத்தாலே கிழிந்தன. பதினேழாவது தெளிந்தது. ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் அந்த லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்குக்கு எதிரே பிடித்தாள். குப்பி காலி என்றுதான் நான் நினைத்தேன். "தெரியலல்ல? அதான்டா விஷயம்," என்றாள். நாற்பத்தெட்டு வயதுக்காரி அன்று மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

அடுத்தது மனிதக் கண்ணில் சோதனை. எட்டுப் பேர், முப்பது நாள், இடையில் இருபத்தொன்பது இரவு. எட்டுப் பேரில் ஒருவர் கடைசி நேரத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். கிட்டப்பார்வை அதிகம் உள்ள ஒரு ஆள் உடனே தேவைப்பட்டது. நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். மைனஸ் எட்டு. சிறுவயதிலிருந்தே அவள் எனக்கு வைத்த பெயர் சோடாபுட்டி. சொந்தக்காரர்கள் சோதனையில் சேரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

"பயமா இருந்தா வேணாம்டா," என்றாள்.

"எனக்கென்ன பயம்?"

அலுவலகத்தில் நான் அளந்த அளப்பு கொஞ்சமல்ல. முப்பது நாள் கண்ணிலேயே இருக்கும் என்றதும் பக்கத்து மேசைக்காரர், "அப்ப கனவெல்லாம் பளிச்சுனு தெரியுமே சார்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடி இல்லாத மூக்கைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விதிகள் ஒரு தாளில் இருந்தன. தினமும் காலையில் டைரியில் கண் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். வேறு எந்தத் திரவமும் லென்ஸில் படக் கூடாது. கழற்ற வேண்டும் என்று தோன்றினால் கழற்றலாம். கழற்றினால் அதை டைரியில் எழுதிவிட்டுத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், புது ஜோடி தருவார்கள். அவ்வளவுதான். கழற்றுவது குற்றமே இல்லை. இதை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு இரவு தூங்கினேன். மூன்றாம் இரவு படுக்கும்போது, கண்ணை மூடினால் அது உள்ளே ஒட்டிக்கொண்டுவிடும் என்று ஒரு எண்ணம் வந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. எண்ணம்தான். கண் போனால் கோடு போட்டுப் பிழைப்பவன் என்ன செய்வான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. குளியலறைக்குப் போய்க் கழற்றினேன். விசேஷங்களுக்குப் போட்டுக்கொள்ள எப்போதோ வாங்கிய பழைய லென்ஸின் டப்பாவும், அதைச் சுத்தம் செய்யும் திரவமும் அலமாரியில் இருந்தன. டப்பாவில் திரவத்தை ஊற்றி அதில் போட்டேன். காலையில் கழுவி மாட்டிக்கொண்டு டைரியில் எழுதினேன்: "இரவு நன்றாகக் கழிந்தது. கண் தெளிவு."

மறுநாள் எழுதிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள், நேற்றையதையும் சேர்த்து எழுத வேண்டுமே என்றிருந்தது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. மூன்றாம் இரவிலிருந்து இருபத்தொன்பதாம் இரவுவரை ஓர் இரவுகூட அந்த லென்ஸோடு நான் தூங்கவில்லை.

வாரம் ஒருமுறை ஆய்வகத்தில் கண் டாக்டரம்மா என் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, வெளிச்சக் கீற்றைக் கண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். "எட்டுப் பேர்ல உங்க கண்ணுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ். தூங்கி எழுந்த கண்ணு மாதிரியே இல்ல," என்றார். எனக்குக் காது சுட்டது. நல்லவேளை, அவர் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணை மட்டும்தான்.

என் மனைவிக்குத் தெரியும். ஒரே குளியலறை. "இது என்ன டப்பா வெளிய இருக்கு? அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்றேன், சொல்றேன்."

"பயந்தா பயந்தேன்னு சொல்லுங்களேன். உங்க அக்காதானே? கடிச்சா தின்னுடப் போறாங்க?"

முப்பதாம் நாள் லென்ஸ்களைக் கழற்றிக் கொடுத்தேன். எட்டுப் பேருடைய இடது கண் லென்ஸ்களையும் சாயம் ஏற்றி அழுக்குப் படிவைப் பார்த்தார்கள். அதோடு அவை வீண். வலது கண் லென்ஸ்கள் எட்டையும் ஒரே குடுவையில் போட்டு, ஆல்கஹாலில் ஊறவைத்து, அதில் என்ன இறங்குகிறது என்று இயந்திரத்தில் பார்த்தார்கள். ஒரு லென்ஸ் கால் நகத்தைவிட லேசு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது என்று எல்லாவற்றையும் சேர்த்து ஊறவைப்பது அவர்கள் வழக்கம்.

அந்த இயந்திரத்தைக் கவனித்தவரை ஆய்வகத்தில் மோப்பம் என்பார்கள். எது எதில் கலந்திருந்தாலும் பிடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். இயந்திரம் அவருக்கு வரைந்து தந்த காகிதத்தில், எதிர்பார்த்த கூர்மையான முனைகளுக்கு நடுவே, ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு இருந்தது.

அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். "இது எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. கண்ணுல போடாத லென்ஸ ஊறவெச்சா வரல. கண்ணுக்குள்ள ஒரு மாசம் இருந்துட்டு வந்தா வருது. அப்படின்னா கண்ணுல என் பொருள் உடையுதுடா. எதையோ கக்குது."

"என்னவா இருக்கும் அண்ணி?" என்று கேட்டாள் என் மனைவி.

"சோப்பு மாதிரி எதோன்னு மோப்பம் சொல்றாரு. நான் சோப்பே சேக்கலையே."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். டப்பாவில் ஊற்றிய திரவத்தின் லேபிள் அப்படியே மனதில் வந்து நின்றது. கழுவினால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. பதினேழு அதை இரவிரவாகக் குடித்து உள்ளே வைத்திருந்திருக்கிறது. அக்கா எழுந்து மாடிக்குப் போனபின் என் மனைவி தட்டுகளை அடுக்கினாள், ஒவ்வொன்றும் கொஞ்சம் சத்தமாக.

"இப்பவே மேல போய்ச் சொல்லுங்க."

"காலையில சொல்றேன்."

"உங்க காலை எந்த வருஷம் விடியும்?"

மறுநாள் கண் டாக்டரம்மா என் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். எட்டுப் பேரையும் கேட்கிறார்களாம்: ஒருமுறையாவது கழற்றினீர்களா? பக்கத்து மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "இல்லைங்க. ஒருதடவைகூட இல்லை," என்றேன். என் குரல் அவ்வளவு இயல்பாக இருந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை பதினேழைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யும் கூட்டம். புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். தாழ்வாரத்துக் கண்ணாடி வழியே அவள் தெரிந்தாள். ரப்பர் கையுறைகள் பொருத்திய பெட்டிக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, அச்சின் இரண்டு பாதிகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்தேன். எட்டே சொல்.

மோப்பம் தேநீரோடு வந்தார். "என்ன சார், மேடத்தப் பாக்கவா? உள்ள போங்களேன்."

"இல்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"சும்மா வர்ற எடமா இது? ஸ்பிரிட் வாசன அவ்வளவு பிடிக்குமோ?"

சிரித்தேன். பிறகு, "அந்த மேடு... வெளியிலேர்ந்து வந்திருக்கலாம் இல்ல?" என்றேன்.

"நானும் அதத்தான் கேட்டேன் சார். எவனாவது கழட்டி எதுலயாச்சும் போட்டிருப்பான்னேன். மேடம் எட்டு டைரியும் எடுத்துப் போட்டாங்க. ‘மத்தவங்கள விடுங்க, என் தம்பி டைரியப் பாருங்க, தேதி நேரம் எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு, அவன் கண்ணு இருக்கறதுலயே நல்லா இருந்துச்சு, அப்பவும் மேடு வந்திருக்குன்னா பொருள்தான் தப்பு’ன்னாங்க. அதுக்கு மேல என்ன பேச?"

அவர் தந்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழன் மாலை அக்கா வந்தாள். "பதினேழ மூடியாச்சு," என்றாள். செருப்பைக் கழற்றி நேராக வைத்தாள். "கண்ணுல உடையற பொருள வெச்சுக்கிட்டு என்ன பண்ண? நானேதான் வேணாம்னேன்." சோறு போட்டதும் நன்றாகச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க முடியாமல் நான் கை கழுவப் போனேன்.

அதன்பின் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எதுவும் தெளியவில்லை. இரண்டு வருடத்தில் வேறொரு நிறுவனம் அந்த மாதிரி லென்ஸைக் கடைக்குக் கொண்டுவந்தது. அக்கா ஒரு ஜோடி வாங்கி, பிரித்து, விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணிருக்காங்க," என்றாள். அந்த வருடம்தான் அவளுக்கு உடம்புக்கு வந்தது. மருத்துவர்கள் மாதக்கணக்கில் பேசினார்கள், வருடக்கணக்கில் அல்ல.

ஒரு ஞாயிறு காலை, உண்மையை முழுசாகத் தூக்கிக்கொண்டுதான் மாடி ஏறினேன். அவள் ஜன்னலோரம் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பயந்தது, கழற்றியது, டப்பா, திரவம், தொலைபேசியில் சொன்ன பொய், தாழ்வாரம் வரை வந்து திரும்பியது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "அந்த ஒம்பதாவது நோட்ட எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"எந்தத் திரவம்? பேர் ஞாபகம் இருக்கா?"

சொன்னேன். எழுதினாள். அவள் கண்ணில் வெளிச்சம் ஏறியிருந்தது. இரண்டு வருடமாக நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

"எத்தன ராத்திரி?"

இருபத்தேழு. நாக்கில்தான் இருந்தது. அவள் முகத்துக்கு நேரே அது மிகப் பெரிய எண்ணாகத் தெரிந்தது. ஓர் இரவு என்றால் பயம். இரண்டு மூன்று என்றால் பலவீனம். இருபத்தேழு என்றால் அதற்கு என்ன பெயர்?

"அஞ்சு... அஞ்சு ராத்திரி இருக்கும்க்கா."

"நிச்சயமா அஞ்சா?"

"ஆமா."

"தம்பி சொன்னது: 5" என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள்.

அன்றே மோப்பத்துக்குத் தொலைபேசி செய்தாள். பதினேழில் யார் கண்ணிலும் போடாத லென்ஸ்கள் சில பெட்டியில் மிச்சம் இருந்தன. அதே திரவத்தில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் கழுவி, எவ்வளவு குடித்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். விடை வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அவள் நன்றாக இருந்தாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். பழைய அச்சுகள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தாள். "மேடு உன்னதா இருந்தா பதினேழு நல்ல புள்ளடா," என்று என் மனைவி காதுபடச் சொல்லிச் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

பதினோராம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். நோட்டு மடியில் திறந்திருந்தது.

"உக்காரு. ஒரு லென்ஸுக்கு, ஒரு ராத்திரிக்கு ஒண்ணு புள்ளி ஒம்பது மைக்ரோகிராம் வருது. அஞ்சு ராத்திரிக்கு ஒம்பதர. மேட்டோட மொத்தம் அம்பது. உன் பங்கு அஞ்சுல ஒண்ணுகூட இல்ல."

எனக்கு உடனே புரியவில்லை.

"மிச்சம் நாப்பதரையும் பதினேழோடதுதான். அது உடைஞ்சுதான் இருக்கு. நான் மூடினது சரிதான்." நோட்டை மூடினாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து லேசாக ஆட்டினாள். "உன்னால ஒண்ணும் ஆகலடா, சோடாபுட்டி. ரெண்டு வருஷமா இதையா மனசுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச? பைத்தியம். போ, போய்ச் சாப்பிடு."

என்னை ஆறுதல்படுத்த அவள் தன் பதினேழைக் கொடுத்துவிட்டாள். அதைத் திருப்பித் தர ஒரு சொல் போதும். நான் கீழே போய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் இருந்தாள். தினமும் மாடி ஏறினேன். தலையணை சரிசெய்தேன், ஜன்னல் திறந்தேன், செய்தித்தாள் படித்துக் காட்டினேன். அவள் ஒருமுறைகூட லென்ஸைப் பற்றிப் பேசவில்லை. அச்சுகளைப் பற்றியும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்தபின், ஆய்வகத்திலிருந்து நோட்டுகளைக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. நான் கொடுக்காமல் வைத்திருந்தேன். போன வாரம் என் மனைவி அவற்றைத் துணியால் துடைத்து அடுக்கும்போது ஒன்பதாவது தானாக அந்தப் பக்கத்தில் விரிந்தது. படித்தாள்.

"அஞ்சா?" என்றாள்.

நான் நோட்டை வாங்கி மூடினேன்.

"அந்த டப்பாவ நான் தினம் பாத்தேங்க. தினம்." குரல் உயரவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு அறையை விட்டுப் போனாள். அன்றிலிருந்து தேவையானதை மட்டும் பேசுகிறாள்.

நான் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்பதை இருபத்தேழால். ஐம்பத்தொன்று புள்ளி மூன்று. மேடு ஐம்பது. அந்த மேட்டில் பதினேழுக்கு இடமே இல்லை. வரைபடம் வரைபவன் நான், இந்தப் பெருக்கல் அன்று மாடியில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரியாமல் போயிருக்குமா?

நேற்று நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். மோப்பத்துக்கு முடி முழுவதும் நரைத்துவிட்டது. "வாங்க சார், இப்பவும் சும்மாதானா?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒன்பதாவது நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்துச் சொன்னேன். இந்த முறை எண்ணோடு சொன்னேன்.

அவர் கால்குலேட்டரை எடுக்கவில்லை. காகிதத்தில் கையாலேயே பெருக்கினார். விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"அஞ்சுன்னு மேடம் ஃபோன்ல சொன்னப்ப, நல்லாக் கேட்டீங்களா மேடம்னு கேட்டேன் சார். தம்பி சொல்லிட்டான்னாங்க. அதோட விட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்குத் தெரியுமா? பின்னால சொன்னீங்களா?"

"இல்ல."

பதினேழை மறுபடி எடுப்பார்களா என்று கேட்டேன். செய்முறை நோட்டில் இருக்கிறது, எடுக்கிற ஆள்தான் வர வேண்டும், பார்க்கலாம் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே திருத்துங்க சார். நான் திருத்தக் கூடாது."

5-க்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அடியில் அவள் எழுதிய 5 தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் 27 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "காரணம் எழுதலையே சார்," என்றார்.

வரியின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. நோட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டு, சின்ன எழுத்தில், "தம்பி பொய் சொன்னான்" என்று எழுதினேன்.